சம்பல் ஆற்றில் ஒரு காலைப்பொழுது
(சங்கத்தின் ஆடி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சித்திரைத் திங்கள் முதல் நாளன்று நம் குடியிருப்பிலிருந்து சம்பல் ஆற்றுக்குச் சென்று வந்தது பற்றிப் பேச வேண்டுமெனச் செயலாளர் பணித்தார். நாம் படித்தது பள்ளியிறுதி வகுப்பு வரையே. இருபத்திரண்டு ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்துக் கோப்புகளோடு காலம் தள்ளி வருகிறோம். கோப்பில் குறிப்பெழுதும் பழக்கம் மேடைக்கு அவ்வளவாக உதவாது. எனினும் அன்று வந்தவர்கள் 41 பேர். வாராதவர்கள் அதனினும் மிகுதி. வாராதவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. நம் மன்றக் கட்டடத்தின் மணலைப் பற்றிய செய்தி அது. ஆகவே இசைந்தோம்.

நம்மில் ஊருக்குப் போய் வாராத குடும்பம் இல்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினாலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினாலும், ஆக்ராவை விட்டுப் புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் தோல்பூரைத் தாண்டி, மொரேனாவை அடையுமுன் ஒரு பெரிய பாலம் வரும். அப்போதுதான் பெட்டிகளைச் சங்கிலியிட்டுக் கட்டிவிட்டுப் படுக்கையை விரித்திருப்போம். சக்கரத்தின் ஓசை மாறும். "ஏதோ ஆறு" என்று யாரேனும் சொல்வார். மற்றவர் புரண்டு படுப்பார். மறுநாள் கோதாவரி வந்தால் எழுந்து கைகூப்புகிறோம். விஜயவாடாவில் கிருஷ்ணைக்குக் காசு போடுகிறோம். சம்பலுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. பாலங்களைப் பற்றிய கோப்புகள் வந்து சேரும் மேசையில் ஆறாண்டு இருந்த நமக்கே, அந்த ஆற்றைக் கரையில் நின்று ஒரு முறை பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

இவ்வாண்டு புத்தாண்டை மண்டபத்தில் கூடிக் கொண்டாடாமல் ஆற்றங்கரையில் கொண்டாடினால் என்ன என்று இளைஞர் குழுவினர் கேட்டனர். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள் ஆதலால் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடுமுறை. செயற்குழுவில் மூத்த அம்மையார் ஒருவர், "கொள்ளைக்காரர் ஊருக்கா குழந்தைகளை அழைத்துப் போகிறீர்கள்?" என்று வினவினார். அவர் கேட்டதில் தவறில்லை. சம்பல் பள்ளத்தாக்கு என்றாலே குதிரையும் துப்பாக்கியும் பெரிய மீசையுமே நினைவுக்கு வருமாறு திரைப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. 1960-இல் வினோபா பாவேயின் முன்னும், 1972-இல் ஜெயப்பிரகாச நாராயணரின் முன்னும் அங்கிருந்த கொள்ளையர் கூட்டங் கூட்டமாகத் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள் என்ற வரலாற்றை எடுத்துரைத்தோம். அம்மையார் அரைமனத்தோடு இசைந்தார். அன்று படகில் முதல் ஆளாக ஏறி அமர்ந்தவரும் அவரே.

விடியற்காலையில் இரயிலேறித் தோல்பூரில் இறங்கினோம். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் செம்மணற்கல் சென்ற ஊர் அது. அங்கிருந்து ஆற்றுக்குச் சில மைல் தூரம், ஆட்டோக்களில் சென்றோம். சிறுவன் ஒருவன், "சம்பல் ஆறா, சாம்பல் ஆறா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். ஆற்றின் பழம்பெயர் சர்மண்வதி. தோலாறு என்பது அதன் பொருள். ரந்திதேவன் என்னும் அரசனின் அடுக்களைக்காக மாண்ட விலங்குகளின் தோற்குவியலிலிருந்து இவ்வாறு பிறந்ததாக மகாபாரதக் கதை கூறும். தோலாற்றின் கரையில் தோல்பூர் அமைந்திருப்பது நம் தமிழ்ச் செவிக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அவ்வூருக்குப் பெயர் வந்த காரணம் வேறு. உண்மையில் ஆறு பிறப்பது மத்தியப் பிரதேசத்து மௌ நகரின் அருகிலுள்ள ஜானாபாவ் குன்றில். சற்றேறக்குறைய 960 கிலோமீட்டர் ஓடி, எடாவாவுக்கு அப்பால் யமுனையில் கலக்கிறது.

பாவம் சுமந்த ஆறு இது என்று இவ்வூரார் நெடுங்காலம் கருதி வந்தனர். திரௌபதி சபித்த ஆறு என்றும் ஒரு கதை உண்டு. அதனால் காசியைப் போலவோ மதுரையைப் போலவோ பெரிய தலம் எதுவும் இதன் கரையில் எழவில்லை. கரை நெடுகிலும் மழை அரித்த மண்குன்றுகளும் மடுக்களும் சிக்கலாய்க் கிடப்பதால் இப்பகுதியில் பெரிய ஆலைகளும் நெருங்கவில்லை. சாபம் ஆற்றுக்கு நன்மையே செய்தது. நம் வீட்டருகே ஓடும் யமுனையின் நிறத்தையும் மணத்தையும் நாம் அறிவோம். கரையில் இறங்கிச் சம்பலின் நீரைக் கையில் அள்ளிய நம் பெண்கள், "இது காவிரித் தண்ணீர் போலல்லவா இருக்கிறது!" என்றனர். அதைவிடப் பெரிய பாராட்டு அவர்களிடம் கிடையாது.

1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் இவ்வாற்றைத் தேசியச் சம்பல் சரணாலயமாக அறிவித்தன. அதற்கு முக்கியக் காரணமாய் அமைந்தது ஒரு முதலை.

நீண்ட கரண்டிக் காம்பு போன்ற மெல்லிய வாயும், ஊசிபோன்ற நூற்றுக்கு மேற்பட்ட பற்களும் உடையது. முதிர்ந்த ஆணுக்கு மூக்கின் நுனியில் குடம்போல ஒரு புடைப்பு உண்டு. குடத்துக்கு இந்தியில் 'கடா' என்பர்; அதனால் 'கடியால்' என்று பெயர். உண்பது மீனை. மனிதனைத் தின்னும் வாயமைப்பே அதற்கு இல்லை. பதினைந்தடிக்கு மேல் வளரும். ஆயினும் தரையில் உடலைத் தூக்கி நடக்கும் வலிவு வளர்ந்த கடியாலின் கால்களுக்குக் கிடையாது. வயிற்றால் தவழ்ந்தே செல்லும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் முதலை, கராம், இடங்கர் என மூவகை கூறியிருப்பதைத் தமிழாசிரியர் ஒருவர் எமக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தார். இது அம்மூன்றினும் சேராதது. நம் தென்னாட்டு ஆறுகளில் வாழாதது.

1970களின் நடுவில் நாடு முழுவதும் 200-க்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. தோலுக்காகக் கொன்றனர், முட்டைகளை எடுத்தனர், வலையில் சிக்கியவற்றை அடித்தனர். 1975-இல் அரசு முதலைகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மொரேனாவுக்கு அருகில் தேவரி என்னும் இடத்தில் ஆற்று முட்டைகளைக் கொணர்ந்து பொரிக்கச் செய்து, குஞ்சுகளை நாலடி நீளம் வரை வளர்த்து ஆற்றில் விடுகின்றனர். இன்று சம்பலில் 2,000-க்கு மேல் இருக்கின்றன. உலகிலுள்ள கடியால்களில் மிகப் பெரும்பகுதி இந்த ஓர் ஆற்றிலேதான். மகாபலிபுரம் சாலையில் நம்மவர் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் சென்னை முதலைப் பண்ணை இருக்கிறதே, 1976-இல் நிறுவப்பட்டது, அதன் ஆய்வாளர்களும் 2008 முதல் சம்பலில் கடியாலை ஆராய்ந்து வருகின்றனர். நமக்கு முன்பே தமிழ்நாட்டுத் தொடர்பு இங்கு வந்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

வனத்துறையின் படகுத்துறை நெடுஞ்சாலைப் பாலத்தின் அருகில் உள்ளது. மூன்று படகுகளில் ஏறினோம். எல்லாருக்கும் மிதவைச் சட்டை அணிவித்தனர். எம் படகோட்டி ஐம்பது வயதினர். தந்தை காலத்தில் மீன் பிடித்த குடும்பம். சரணாலயத்தில் மீன்பிடிப்புத் தடையான பின்பு படகு செலுத்துகிறார். சிக்கனமாகப் பேசுபவர். "பாபுஜி, சத்தம் மட்டும் வேண்டாம்" என்றார். நாற்பத்தொரு தமிழர்களிடம் அவர் கேட்டது சிறிய உதவியன்று.

கால் மணி நேரத்தில் முதற் கடியாலைக் கண்டோம். மணற்சரிவில் மரக்கட்டைபோல் கிடந்தது. பக்கத்தில் சிறியவை நாலைந்து. அப்பால் மூக்கில் குடத்தோடு பெரியதொன்று, ஊர்த் தலைவர் திண்ணையில் சாய்ந்திருப்பதுபோல. "மூக்கிலே சொம்பு!" என்று ஒரு பெண்குழந்தை கூவிவிட்டாள். தலைவர் அசையவில்லை, சிறியவை மட்டும் வழுக்கி நீருள் மறைந்தன. சற்றுத் தள்ளிப் பருத்த வாயுடைய மக்கர் முதலை ஒன்றும், கரைப்பாறையில் வரிசையாய்க் கழுத்து நீட்டிய ஆமைகளும் தென்பட்டன. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணின் தலையில் செந்நிறம் மிளிரும் ஆமையினம் ஒன்று இவ்வாற்றில் இருக்கிறது. அதுவும் உலகில் அருகிப்போனது. அப்படி ஒன்றைப் படகோட்டி காட்டினார். எமக்குச் சிவப்பு தெரிந்தது. இல்லத்தார் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆற்று ஓங்கிலையும் பார்க்க ஆவல். 2009-இல் நாட்டின் நீர்வாழ் விலங்கு என அறிவிக்கப்பட்டது அது. ஆழம் மிக்க இடங்களில் காணலாம் என்றார்கள்; அன்று எங்களுக்கு வாய்க்கவில்லை.

இனிச் சொல்லப்போவது எம் பிழை.

ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. குழந்தைகளுக்குப் பசி. புளியோதரையும் தயிர்சாதமும் மாவடுவும் மடியில் இருந்தன. புத்தாண்டுக்கென்று வேப்பம்பூவிட்ட மாங்காய்ப் பச்சடியும் ஒரு தூக்கில் வந்திருந்தது. ஆற்றின் நடுவே வெண்மையாய் ஒரு மணல்திட்டு. அங்கே இறங்கிச் சாப்பிடலாமென்று சொன்னோம். படகோட்டி தலையசைத்து மறுத்தார். "ஐந்தே நிமிடம்" என்றோம். மீண்டும் மறுத்தார். இரயில்வேக்காரரின் குரல் இருக்கிறதே, தட்டுக்கெட்ட குரல், அதைச் சற்று உயர்த்தினோம். அவர் திட்டின் ஓரமாகச் சென்று, இறங்க வேண்டாம், பாருங்கள் என்ற பொருளில் படகை மெதுவாக்கினார். அதற்குள் சிறுவர் இருவர் குதித்துவிட்டனர்.

திட்டிலிருந்த பறவைகள் அனைத்தும் ஒரே வீச்சில் எழும்பி எங்கள் தலைக்கு மேல் சுழன்று கத்தின. ஆலாக்கள் சில, பெரும்பாலானவை, மேலே கறுப்பும் கீழே வெளுப்புமாய், செம்மஞ்சள் அலகுடையவை. மேலலகைவிடக் கீழலகு நீண்டது. அதனை நீரில் அமிழ்த்தி ஆற்றைக் கிழித்தவாறே பறக்கும். மீன் தட்டுப்பட்டால் மேலலகு மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஸ்கிம்மர், இந்தியில் பஞ்சீரா. படகோட்டி உரக்க ஒரு சொல் சொன்னார். சிறுவர் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றனர். அவர் இறங்கி, தரையைப் பார்த்துப் பார்த்து அடிவைத்து நெருங்கி, இளையவனின் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால் விரலால் சுட்டினார். உள்ளங்கையளவு குழி. அதில் மூன்று முட்டைகள், மணல் நிறத்தில், பழுப்புப் புள்ளிகளுடன். அடுத்த குழி இரண்டு அடி தள்ளி. கண் பழகிய பின் பார்த்தால் திட்டெங்கும் குழிகள். வைக்கோலோ சுள்ளியோ கிடையாது; வெறும் மணலே கூடு.

சிறுவர்களைத் தம் காலடித் தடத்திலேயே பின்னுக்கு நடத்தி வந்து படகில் ஏற்றினார். ஒன்றும் மிதிபடவில்லை. ஆனால் தாய்ப்பறவை எழுந்துவிட்டால் அந்த வெயிலில் முட்டை சில நிமிடங்களில் வெந்துவிடும் என்றார். படகைத் தொலைவுக்குச் செலுத்தி நிறுத்தினார். பறவைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. சில நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்தன. "இவ்வளவு சூட்டில் முட்டையைச் சூடேற்ற அல்ல, குளிர வைக்கவே உட்கார்கின்றன" என்று விளக்கினார். படகில் யாரும் பேசவில்லை. எமக்கு முகத்தைத் தூக்க இயலவில்லை. வயதில் இளைய எம்மை அவர் கடிந்திருக்கலாம், கடியவில்லை.

பங்குனியில் தொடங்கி வைகாசி வரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். ஆறு மெலியும் காலமும் அதுவே. மேலே கோட்டா அணையிலும் காந்தி சாகரிலும் நீரைத் தேக்கி வாய்க்காலில் திருப்புகின்றனர். ஆறு வற்ற வற்றத் தீவாக இருந்த திட்டு கரையோடு சேர்ந்துவிடும். நாயும் நரியும் நடந்தே வந்து முட்டைகளைத் தின்னும். திடீரென அணை திறந்தாலோ திட்டே முழுகும். கடியாலும் இதே மாதங்களில்தான் நீர்மட்டத்துக்கு மேலுள்ள உயர்ந்த மணற்கரையில் குழி தோண்டி 30, 40 முட்டைகள் இடுகிறது. மணலே அதற்குத் தொட்டில்.

கரைக்குத் திரும்பி, மரநிழலில் சாப்பிட்டு, நெடுஞ்சாலை ஓரம் ஆட்டோவுக்குக் காத்திருந்தோம். அப்போது மணல் ஏற்றிய டிராக்டர்கள் ஐந்தாறு ஒன்றன்பின் ஒன்றாக விரைந்தன. எண்பலகை இல்லை. மணலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று. சரணாலயத்தில் மணலள்ளத் தடை உண்டு. இவை தடையை மீறியவை. மணல்திட்டில் குதித்த இளையவன் எம் கையைப் பற்றி, "மாமா, நம் மன்றக் கட்டடத்துக்கு வரப்போகும் மணலும் இதுதானா?" என்று கேட்டான்.

கட்டட நிதிக்கு நாம் பொருளாளர். பங்குனி மாதம் ஒப்பந்தக்காரர் கொடுத்த விலைப்பட்டியலில், "சம்பல் மணல்" என்று ஒரு வரி இருந்தது. மற்ற மணலைவிட மலிவு. ஓரத்தில் எம் கையால், "விலை குறைவு, ஏற்கலாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தோம். அது எங்கிருந்து எப்படி வருகிறதென்று கேட்கவில்லை. பையனுக்கு "ஆமாம்" என்றோம். வேறென்ன சொல்வது?

எம் சொந்த ஊர் கொள்ளிடக்கரை. சிறுவயதில் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று வரும் மணலில் விளையாடியவர்கள் நாம். லாரிகள் இரவும் பகலும் அள்ளிய பின் எங்கள் தெருக் கிணறு வறண்டது. 2018-இல் வெள்ளம் வந்தபோது திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. முக்கொம்பு மேலணையின் மதகுகளும் அடித்துச் செல்லப்பட்டன. தூணடியில் மணல் இல்லாவிடில் பாலம் என்ன ஆகும் என்பதை விளக்கும் கடிதங்களை ஆறாண்டு தட்டச்சு செய்தது இக்கையே. அக்கையே அந்த வரியின் ஓரத்தில் கையொப்பமும் இட்டது.

அடுத்த வாரம் செயற்குழுவைக் கூட்டி விலைப்பட்டியலை மேசைமேல் வைத்தோம். விவாதம் இரவு பதினொன்று வரை நீண்டது. "நாம் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான்" என்றனர் சிலர். "நம் பத்து வண்டி மணலால் ஆறு தீர்ந்துவிடுமா? ஊரெல்லாம் இதே மணலில்தானே வீடு கட்டுகிறது?" என்றனர். பதினைந்து ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த நிதி. மழைக்கு முன் கூரை போட வேண்டும். அவர்கள் கவலை நியாயமானதே. இதற்கெல்லாம் சரியான மறுமொழி எம்மிடம் இல்லை. ஓய்வுபெற்ற கார்டு ஐயா ஒருவர், அன்று ஆற்றுக்கு வாராதவர், எழுந்து, "அந்த மணலைப் போட்டுக் கட்டிய மேடையில் அந்தப் பையனை நிற்க வைத்துத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடச் சொல்வீர்களா?" என்று கேட்டார். கடைசியில் எழுவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். சம்பல் மணல் வேண்டா என முடிவாயிற்று. கல்லை அரைத்துச் செய்யும் மணலையே, உரிய சீட்டோடு வாங்குகிறோம்.

கூடுதற் செலவு 38,000 ரூபாய். மகளிர் குழுவினர் முறுக்கும் தட்டையும் சுட்டு விற்று 11,500 தந்தனர். மீதிக்காகச் சுற்றுச்சுவரை இவ்வாண்டு கைவிட்டோம். அதனால்தான் தெருமாடுகள் மண்டபத்து முன்றிலில் வந்து படுக்கின்றன. சுவர் எங்கே என்று சிலர் எம்மைக் கேட்டு வருகிறீர்கள், விடை இதுவே. எதிர்த்து வாக்களித்த நால்வரும் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் மாறவில்லை. ஆயினும் கட்டட வேலையை நாள்தோறும் வந்து மேற்பார்ப்பவர்களும் அவர்களே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பர் முதல் 2008 மார்ச் வரை எடாவாப் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட கடியால்கள் செத்து மிதந்தன. சிறுநீரகம் கெட்டு மாண்டன என்று அறுத்துப் பார்த்தவர்கள் கண்டனர். நச்சு எங்கிருந்து வந்தது என்பது ஐயமற நிறுவப்படவில்லை. யமுனையிலிருந்து ஏறி வந்த மீன் வழியே என்ற ஐயம் வலுவாக இருக்கிறது. அந்த யமுனை டெல்லியையும் மதுராவையும் நம் ஆக்ராவையும் தாண்டித்தான் அங்கே போகிறது. நம் குடியிருப்பின் சாக்கடை எங்கே சேர்கிறது என்று பொதுப்பணி அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

வைகாசியில் ஊருக்குப் போனபோது, தோல்பூர் தாண்டியதும் எம் இளைய மகள் பெட்டியிலிருந்த எல்லாரையும் எழுப்பிவிட்டாள். முன்பின் அறியாத பஞ்சாபியர் குடும்பமும் எழுந்துகொண்டது. வெளியே இருட்டு. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் மட்டும் ஓடின. "திட்டு எந்தப் பக்கம் அப்பா?" என்றாள். கிழக்கே என்று கை காட்டினோம். சரியான திசையா என்பதில் எமக்கே ஐயம்.

வரும் தை மாதம் இரண்டாம் ஞாயிறன்று மீண்டும் செல்வதாக இருக்கிறோம். அது முட்டைக்காலம் அன்று; வடநாட்டு வாத்துகளும் வரித்தலை வாத்துகளும் வந்திருக்கும்; கடியால்கள் வெயில் காயப் பகல் முழுதும் கரையில் கிடக்கும். வர விரும்புவோர் மார்கழி முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தொப்பியும் கம்பளிச் சட்டையும் கொண்டு வாருங்கள். சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில் இருக்கட்டும். பாலிதீன் பை வேண்டா. மணல்திட்டில் யாரும் இறங்குவதில்லை. படகோட்டி இறங்கச் சொன்னாலும் இறங்குவதில்லை.